எர்ணாவூர் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தனியாகப் போனவள் சொல்வது

2024 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. எண்ணூர் அனல் மின் நிலைய விரிவாக்கத்துக்கு, அதாவது 660 மெகாவாட் புது யூனிட்டுக்கு, வட சென்னை எர்ணாவூரில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். நோட்டுத் தாளில் நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்ததும் முதல் பக்கத்தின் மூன்றாவது வரியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. பையன் வீசிங்கில் ராத்திரி உட்கார்ந்தே தூங்குவதைச் சொன்னேன், அழுதேன், வந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்னால் பதினாறு நாள் ஓடிய ஓட்டமும் செலவழித்த பன்னிரண்டாயிரம் ரூபாயும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கிப்போயின. எப்படிப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பிறந்தது எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். நைனா கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடித்துத்தான் எங்களை வளர்த்தார். கல்யாணமாகி எர்ணாவூர் வந்த பிறகு வீட்டு வாசலிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி பழைய தெர்மலில், அதாவது பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தில், கான்ட்ராக்ட் கூலியாக இருந்தவன். ஐந்து யூனிட், மொத்தம் 450 மெகாவாட், 2017 மார்ச் 31-ஆம் தேதியோடு மூடினார்கள். அவனுக்கும் அன்றோடு வேலை போனது. அதற்குப் பிறகு துறைமுக லாரி, வெல்டிங் எடுபிடி, கிடைத்த வேலை என்று ஓடிக்கொண்டிருக்கிறான். புது தெர்மல் வரும் என்பதுதான் அவனுக்கு ஏழெட்டு வருஷமாக இருந்த நம்பிக்கை. எனக்கு அதுதான் பயம். ஒரே அம்மா வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படி எதிரெதிராக நின்றோம். வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஊர் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம் என்று தெரியலாம். எங்கள் தெருவில் அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடந்தது.

கூட்டம் நடக்கப்போகிறது என்பதே எனக்கு டிசம்பர் 4-ஆம் தேதிதான் தெரியும். ஃபெஞ்சல் புயல் மழைத் தண்ணீர் வடிந்து அப்போதுதான் கடை திறந்திருந்தேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஓர் அக்கா, "பேப்பர்ல போட்டுட்டாங்களே, உனக்குத் தெரியாதா?" என்றார். 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால், பெரிய தேசிய நாளிதழ் ஒன்றிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். வீட்டுக்கு வீடு வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் பேப்பர் வாங்குவதில்லை. வாங்கினாலும் அந்தப் பக்கத்தைப் படிப்போமா என்பது வேறு விஷயம். இப்போது என்ன செய்கிறேன் என்றால், மாதத்துக்கு இரண்டு முறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கருத்துக்கேட்பு அறிவிப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுகிறேன். போனிலேயே இரண்டு நிமிடம்தான் ஆகும். இதை அன்றைக்கே செய்திருந்தால் எனக்கு இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருக்கும்.

அறிவிப்பைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய், இந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் 430 பக்கத்தை பிரிண்ட் போட்டேன். 860 ரூபாய். எல்லாம் இங்கிலீஷ். பத்தாவதோடு நிறுத்தியவள் நான். ஒரு டைப்பிங் கடைக்காரரிடம் கொடுத்து, முக்கியமானதைத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். 2,400 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த பன்னிரண்டு பக்கத்தில் பெரும்பாலும் திட்டத்தின் அறிமுகம்தான் இருந்தது. அதே அறிமுகம் தமிழில் சுருக்க அறிக்கையாக இலவசமாகவே கிடைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளூர் மொழியில் சுருக்கம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே யாரும் முழு அறிக்கையை பிரிண்ட் போடாதீர்கள். தமிழ்ச் சுருக்கத்தை முதலில் படியுங்கள். பிறகு ஆங்கில அறிக்கையில் சில அத்தியாயங்களை மட்டும், படித்த பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். இந்த அறிக்கைகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. மூன்றாவது அத்தியாயம் இப்போது காற்றும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்பது. நான்காவது, திட்டம் வந்தால் என்ன பாதிப்பு, அதற்கு என்ன செய்வார்கள் என்பது. எட்டாவதில் ஊருக்கு என்ன நன்மை, எத்தனை பேருக்கு வேலை என்று இருக்கும். பத்தாவது, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம், அதற்கான செலவு. இந்த நாலையும் பார்த்தாலே கேள்விகள் தானாக வரும்.

மூன்றாவது அத்தியாயத்தில் பார்க்க வேண்டிய ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். காற்றை எந்த எந்த இடத்தில் அளந்தார்கள், எந்த மாதங்களில் அளந்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். வழக்கமாக மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம், மூன்று மாதம் அளப்பார்கள். திட்டம் வரும் இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் தூரத்துக்குப் பார்ப்பார்கள். அந்த மாதங்களில் நம் ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நைனாவிடம் கேட்டால் மாதவாரியாகச் சொல்லிவிடுவார். வீட்டுக்குள் அவ்வளவு பெரிய அறிவை வைத்துக்கொண்டு நான் டைப்பிங் கடையில் போய்ப் பணம் கொடுத்தேன். அளந்த இடங்களில் நம் குப்பம் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை, காற்று நம் பக்கம் அடிக்கும் மாதத்தில் அளந்தார்களா என்று கேட்டால் அது ஒரு முழுக் கேள்வி. அதற்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நேரத்தில் ஒரு படித்த தம்பி, "ஆர்டிஐ போடுங்கக்கா" என்று யோசனை சொன்னார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதுதான் அது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. எனக்கு இருந்ததோ பதினான்கு நாள். இந்தக் கணக்கு எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதில் தை மாதம் வந்தது. முதல் நாளே அறிவிப்பைப் பார்த்து அன்றைக்கே மனு போட்டிருந்தால்கூடக் கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் பதில் கைக்கு வரும். அதனால் கூட்டத்துக்குத் தயாராக ஆர்டிஐயை நம்ப முடியாது. அறிக்கையின் முழுப் பிரதி சில அரசு அலுவலகங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும், எங்கே என்பது அறிவிப்பிலேயே இருக்கும். அலுவலக நேரத்தில் நேரே போய்ப் பார்க்கலாம். நான் போன ஓர் அலுவலகத்தில் "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்று மூன்று நாள் திருப்பி அனுப்பினார்கள். மூன்று நாளும் கடை பூட்டு. மார்கழி பிறக்கும் நேரம், கிறிஸ்துமஸ் துணி, பொங்கல் துணி எல்லாம் வரும் காலம். இரண்டு வாடிக்கையாளர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருப்பி அனுப்பினால் வெறுங்கையோடு வராதீர்கள். இன்ன தேதி, இன்ன நேரம் வந்தேன், பிரதி பார்க்கக் கிடைக்கவில்லை என்று நாலு வரி எழுதி அங்கேயே தபால் பிரிவில் கொடுத்து, இன்னொரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளைக் கூட்டத்திலும் காட்டலாம், பின்னால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் காட்டலாம்.

தம்பி அந்த வாரம் வீட்டுக்கு வந்தான். மேஜையில் தாள் குவிந்து கிடப்பதைப் பார்த்தான். "இதை நிறுத்துறதுக்கா இவ்ளோ பாடுபடுற?" என்றான். நான், "உன் மருமகன் மூச்சு வாங்குறது உனக்குத் தெரியலையா?" என்றேன். "தெரியுதுக்கா. எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா உனக்குக் கடை இருக்கு. நான் எங்க போவேன்? இந்தச் சாம்பல் ஏற்கெனவே வந்துக்கிட்டுதான் இருக்கு. இருக்குற சாம்பலை நிறுத்த முடியல, வர்ற வேலையை மட்டும் நிறுத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் கேட்டதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. அடுத்து வந்த பொங்கலுக்கு அவன் நேரில் சீர் கொண்டு வரவில்லை. கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. இரண்டு கரும்பையும் பானையையும் பையன் கையில் கொடுத்தனுப்பினான். பணக் கணக்கை எழுதிவிடலாம், பிரிண்ட் 860, டைப்பிங் 2,400, போக்குவரத்து 1,100, பதினோரு நாள் கடை பூட்டியதில் எப்படியும் 8,000. இந்தக் கணக்கை எதில் எழுதுவது?

கூட்டத்தன்று நான் செய்த பிழைகளை ஒன்று விடாமல் சொல்கிறேன். பையனின் நெபுலைசர் பில், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பையில் கொண்டு போயிருந்தேன். டாக்டர் எதிலும் காரணம் இன்னது என்று எழுதித் தரவில்லை, தரவும் மாட்டார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்ததையும், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியதையும் பேசலாம் என்று எழுதி வைத்திருந்தேன். நைனாவின் வலை அந்த எண்ணெயில்தான் வீணாய்ப் போனது. ஆனால் அந்த இரண்டும் இந்தத் திட்டத்தின் அறிக்கையில் எந்தப் பக்கத்தோடும் சேராது. "அது வேற கம்பெனிம்மா" என்று பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். அதே விஷயத்தை இப்படிக் கேட்டிருக்க வேண்டும்: வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, வல்லூர் 1,500, 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த மூன்றாம் நிலை 800. எல்லாம் நிலக்கரி. எல்லாம் சேர்த்து 4,130 மெகாவாட். பக்கத்தில் மணலி ஆலைகள், துறைமுகங்கள், நிலக்கரி லாரிகள். இத்தனைக்கும் மேலே இன்னொரு 660 சேரும்போது மொத்தமாகக் காற்று எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டீர்களா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஒரு சிம்னியை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அளவுக்குள் இருப்பது போலத்தான் தெரியும். சுவாசிக்கிறவனுக்கு எல்லாம் ஒரே மூச்சில்தானே வருகிறது.

இந்தத் திட்டத்துக்கே ஒரு பழைய கதை உண்டு, அதையும் நான் பேசவில்லை. 2009-லேயே ஒரு முறை சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய திட்டம் இது. ஒப்பந்தக்காரர்கள் மாறி, கட்டுமானம் நின்று, அனுமதிக் காலமே முடிந்துபோய் மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்திருக்கிறார்கள். பழைய அனுமதியில் என்னென்ன நிபந்தனை போட்டார்கள், எதை நிறைவேற்றினார்கள் என்று கேட்டிருக்கலாம். அனுமதி வாங்கிய எந்த ஆலையும் நிபந்தனைகளை எப்படிப் பின்பற்றுகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அறிக்கை கொடுக்க வேண்டும். அவை பொது ஆவணங்கள். நம் ஊரில் ஏற்கெனவே ஓடும் நிலையங்களின் அந்த அறிக்கைகளைத்தான் ஆர்டிஐயில் கேட்க வேண்டும், அதுவும் கூட்டம் எதுவும் இல்லாத சாதாரண நாளில். "இருக்குற சாம்பலை நிறுத்த முடியல" என்று தம்பி சொன்னதற்குப் பதில் அந்த அறிக்கைகளில்தான் கிடைக்கும்.

பேசிவிட்டு, நாலு பக்கத்தையும் மேஜையில் கொடுத்தேன். பிரதி எடுக்கவில்லை, சீல் வாங்கவில்லை. இப்போது அதைக் கொடுத்தேன் என்பதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. கூட்டம் முழுக்க வீடியோ எடுப்பார்கள், வந்தவர் பெயர், முகவரி எழுதி வாங்குவார்கள். ஆனால் ஓட்டெடுப்பு கிடையாது. எத்தனை பேர் எதிர்த்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்று எண்ணி முடிவு செய்யும் இடம் அது இல்லை. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கடைசியில், வந்த கருத்துகளின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எல்லார் முன்னாலும் வாசித்து, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதில் நாம் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து கேட்கலாம். அந்த நேரத்தில் நான் வீட்டில் போர்வைக்குள் படுத்திருந்தேன். அழுத முகத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது, கிளம்பிவிட்டேன். நான் பேசியது எப்படிப் பதிவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. நான் கேள்வி எதையும் கேட்கவில்லையே, பையனுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தானே சொன்னேன். அதற்கு மேல் அவர்கள் எதை எழுதியிருக்க முடியும்?

ஆகவே போகிறவர்கள் ஐந்து கேள்விக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அறிக்கையின் அத்தியாய எண், பக்க எண் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கூட்டம் தொடங்கும் முன்பே ஒப்புகை வாங்கிவிடுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் மைக்கில் குரல் உடைந்தாலும் பரவாயில்லை. அழுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அழுத பெண்களைப் பார்த்துத்தான் அன்றைக்கு அந்த இடமே அமைதியானது. அந்த அழுகையோடு ஒரு தாளும் சேர்ந்து போக வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பினாலும் கணக்கில் சேரும். இரவு ஷிஃப்ட் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று எங்கள் தெருவில் மட்டும் இருபது பேரிடம் நான் கையெழுத்து வாங்கியிருக்கலாம். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தனியாகவே சுமந்தேன்.

கூட்டத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்ததும் தப்பு. கருத்துகளுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கை தயாராகி டெல்லியில் நிபுணர் குழு முன்னால் போகும். அனுமதி கிடைத்தால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அதனால் திட்டத்தின் நிலையை, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அவ்வப்போது யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இப்போது அது என் மகளின் வேலை.

தம்பி சித்திரையில்தான் திரும்ப வீட்டுக்கு வந்தான். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அறிக்கையின் எட்டாவது அத்தியாயத்தை அவன் முன்னால் வைத்தேன். வேலைவாய்ப்பு பற்றிய பகுதியை நாங்கள் இருவரும் மகளை வைத்து வரிவரியாகப் படித்தோம். கட்டுமானக் காலத்து வேலை எது, நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு இருக்கும் நிரந்தர வேலை எது, அதற்கு என்ன படிப்பு வேண்டும், உள்ளூர்க்காரனுக்கு எத்தனை இடம் என்று அவன்தான் கேட்டுக்கொண்டே வந்தான். நான் அத்தனை நாள் அவனை எதிரியாக நினைத்திருந்தேன். அவன் கேட்பதை நான் ஒரு நாளும் என் தாளில் எழுதவில்லை. அடுத்த நாள் அவன் தன் பழைய கேங்கில் இருந்த பன்னிரண்டு பேரின் பெயரை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். எத்தனை வருஷம் வேலை செய்தார்கள், மூடியபோது கையில் என்ன கொடுத்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்பது வரை அதில் இருந்தது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள்.

அந்த அட்டையை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன். ஜூன் 1-ஆம் தேதி அறிக்கைகளைக் கேட்டு இந்த முறை ஆர்டிஐ மனுவை அவன் பெயரில் போட்டோம். முகவரி என் கடை முகவரி. ஒப்புகைச் சீட்டு தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. அந்தப் பக்கம் யாருக்காவது மனுவின் மாதிரி வேண்டுமென்றால் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் பூட்டியிருக்கும், அது பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நேரம்.